பிள்ளைகள் மூடிய கடல்

லோனுசா,
9 பிப்ரவரி 1993

அன்புள்ள யாக்கோமினா அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம். அம்போனில் நீயும் அப்பாவும் சுகமா? அப்பாவின் இருமல் குறைந்ததா?

ஒரு காரியம் செய்துவிட்டேன் அக்கா. சிரிக்காமல் படி.

நான்காம் வகுப்புக்கு இந்த மாதம் ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்று ஒரு பாடம். புத்தகம் முழுக்க ஜாகர்த்தாவின் குப்பைத்தொட்டியும் தொழிற்சாலைப் புகையும்தான். இந்த ஊரில் தொழிற்சாலை ஏது? புகை என்றால் மீன் சுடுகிற புகை. பிள்ளைகள் வரிசையாகக் கொட்டாவி விட்டார்கள். யோசேஃபா என்று ஒரு வாயாடிப் பெண் எழுந்து, இந்தக் குப்பைத்தொட்டியை நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டாள். சரி, புத்தகத்தை மூடுங்கள் என்று எல்லோரையும் பள்ளிக்கு எதிரே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

உங்கள் ஊரிலேயே சாஸி இருக்கிறதே, அதைவிட நல்ல பாடம் எது என்றேன். தென்னந்தோப்புக்குச் சாஸி கட்டினால் மறுபடி திறக்கும்வரை ஒரு காயையும் யாரும் தொடுவதில்லை, மரம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறது, கடலுக்கும் அப்படித்தான் என்று விளக்கினேன். விளக்கியதோடு நிறுத்தியிருக்கலாம். ஊர்ப் பெண்கள் சிப்பி, மட்டி பொறுக்குகிற திடலோரம் ஒரு கம்பை நட்டுக் குருத்தோலை கட்டி, செய்தே பார்ப்போம் என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கட்டி முடிக்கும்போது மணி அடித்துவிட்டது. மணி அடித்தால் ஜெபம் சொல்லித்தானே வீட்டுக்கு அனுப்புவோம்? இதற்காக வகுப்புக்குத் திரும்புவானேன் என்று கம்பைச் சுற்றி அங்கேயே நிற்கவைத்தேன். அன்று யோசேஃபாவின் முறை. கண்ணை இறுக்கிக்கொண்டு, “ஆண்டவரே, இந்த மட்டித் திடலை உம்ம பேரால மூடுறோம். இதைக் காத்துக்கொள்ளும். எங்களையும் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுசேரும். ஆமென்” என்றாள். எல்லோரும் ஆமென் என்றோம். நானும் சொன்னேன்.

மறுநாள் காலை கடல் உள்வாங்கியிருந்தது. கொஸ்தான்சா அம்மா மட்டி பொறுக்கக் கூடையோடு வந்தவர் கம்பைப் பார்த்தார், நின்றார், திரும்பிவிட்டார். பின்னால் வந்த பெண்களும் அப்படியே. பதறிப்போய் ஓடி, இது பாடம்தான் அம்மா, விளையாட்டு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஓலை கட்டி ஜெபமும் பண்ணியாச்சு. அப்புறம் என்ன டீச்சர் விளையாட்டு?”

நகரத்தில் வளர்ந்த எனக்கு இது எங்கே தெரியும்? கம்பைப் பிடுங்கிவிடலாம் என்றால் கைவைக்க இந்த ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை. ஊர்த் தலைவரான ராஜாவைப் பார்த்துப் பேசப் போகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்.

உன் தங்கை,
வெல்மா


அம்போன்,
21 பிப்ரவரி 1993

அருமைத் தங்கை வெல்மாவுக்கு,

இருவரும் சுகம். அப்பாவுக்கு இருமல் பாதி குறைந்தது, காது முக்கால்வாசி குறைந்தது. வெல்மா கடலை மூடிட்டா என்று அவர் காதருகே கத்தினேன். “முடிச்சுட்டாளா? மாப்பிள்ளை யாரு?” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளாக அந்தச் சந்தோஷத்தில் நன்றாகச் சாப்பிடுகிறார். நானும் திருத்தவில்லை.

சிரிக்காதே என்றாய். சந்தையில் நின்று படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. அடி மண்டூகமே, என் கடைக்கு மட்டி வருவதே அந்தத் திடலிலிருந்துதானே? கொஸ்தான்சா அம்மா அவித்துப் படகில் அனுப்புகிறார், நான் விற்கிறேன். அப்பாவின் மருந்தும் எங்கள் இரண்டு பேர் சாப்பாடும் அதில்தான் ஓடுகிறது. லோனுசா மட்டி என்று சொன்னால்தான் வாடிக்கைக்காரர்கள் கடைமுன் நிற்பார்கள். பாடம் நடத்தச் சொன்னால் அக்காவின் கடைக்கே ஓலை கட்டிவிட்டாயே.

எப்போது திறக்கும் என்று கேட்டு உடனே எழுது. கொஸ்தான்சா அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். மழையில் நனையாதே.

அக்கா


லோனுசா,
14 மார்ச் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். அப்பாவிடம் உண்மையைச் சொல்லித் தொலை, கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிடப் போகிறார்.

ராஜா வீட்டுக்குப் போனேன். போதகரும், கடல் காவல் பார்க்கும் பிராம் மாமாவும் அங்கே இருந்தார்கள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்துத்தான் படியேறினேன். காப்பி கொடுத்தார்கள், சுட்ட சாகோ ரொட்டியும் கொடுத்தார்கள். வழக்கம் இதுதானாம்: யார் மூடினார்களோ அவர்கள்தான் ஜெபம் செய்து திறக்கவேண்டும். மூடினால் மட்டி வளர்ந்து முற்றும்வரை, வருஷக் கடைசி வரை மூடியதுதான். ஆனால் இவர்கள் சின்னப் பிள்ளைகள் என்பதால் ஒரு வழி இருக்கிறது என்றார் ராஜா.

“பிள்ளைங்க தெரியாம பண்ணிட்டாங்கன்னு ஞாயித்துக்கிழமை ஆலயத்துல எழுந்து ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். அன்னைக்கே திறந்துடலாம்.”

எவ்வளவு சுலபம் பார். ஆனால் அக்கா, என் வகுப்பை நீ பார்க்கவேண்டும். இடைவேளை மணி அடித்தால் எல்லோரும் கரைக்கு ஓடிப்போய்க் குப்புறப்படுத்துத் தண்ணீருக்குள் பார்க்கிறார்கள். எந்த மட்டி எங்கே ஒட்டும், எந்த நண்டு அதைத் தின்னும் என்று என்னிடம் வந்து சொல்கிறார்கள். குப்பை பொறுக்கவும் நான் சொல்லவில்லை, அவர்களே பொறுக்குகிறார்கள். போன வாரம் யோசேஃபாவின் அப்பா தோணியிலிருந்து இறங்கும்போது காலடியில் கிடந்த மட்டியை ஒரு கை அள்ளியிருக்கிறார். இவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “அப்பா, கீழ போடு” என்றாளாம். போட்டுவிட்டார். என்னிடம் வந்து, வீட்டில் இனி மனைவிக்கு மட்டும் பயந்தால் போதாது போலிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே புகார் சொன்னார். இத்தனை வருஷம் பாடம் நடத்தினேன், ஒரு வகுப்பும் இப்படிக் கண்விழித்துப் பார்த்ததில்லை.

கொஸ்தான்சா அம்மா மரவள்ளித் தோட்டத்தில் இறங்கிவிட்டார். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. நேற்று எனக்கு ஒரு பை கெனாரிக் கொட்டை கொடுத்தார், எனக்குத்தான் வாங்கக் கை கூசியது.

உன் கடைதான் என் தொண்டையில் நிற்கிறது. நீ சொல்வதுதான் முடிவு. திறக்கச் சொல் என்று ஒரு வரி எழுது, அடுத்த ஞாயிறே எழுந்து சொல்லிவிடுகிறேன்.

வெல்மா


அம்போன்,
28 மார்ச் 1993

வெல்மாவுக்கு,

சுகம். அப்பாவும் சுகம்.

திறக்கச் சொல்லாதே. வேறு ஊரிலிருந்து மட்டி வருகிறது, கடை நன்றாக நடக்கிறது. படகுக்கார நுஸ் அண்ணனிடம் ஒரு பெட்டி சாக்பீஸ் கொடுத்தனுப்பியிருக்கிறேன், நனையாமல் வந்ததா பார். அவசரமாக எழுதுகிறேன், ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அக்கா


லோனுசா,
25 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். சாக்பீஸ் ஒன்றுகூட நனையவில்லை. வகுப்பில் எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்று உனக்கு நன்றி சொன்னார்கள், காதில் விழுந்ததா?

உன் கடிதம் வந்த அன்று எனக்கு எத்தனை பாரம் இறங்கியது தெரியுமா? போதகரிடம் ஓடிப்போய், திறக்கவேண்டாம் என்று சொன்னேன். அந்த ஞாயிறு அவர் ஆலயத்தில் எழுந்து அறிவித்தார்: பள்ளிக்கு எதிரே உள்ள மட்டித் திடல் வருஷக் கடைசி வரை மூடியிருக்கும், மூடியது நான்காம் வகுப்பு. பிள்ளைகள் பெஞ்சில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழைக்காற்று தொடங்கப்போகிறது. இனிப் படகு வருமோ வராதோ. அக்கா, இப்போது எந்த ஊர் மட்டி வாங்குகிறாய்? லோனுசா மட்டிதான் வேண்டும் என்று கேட்கிறவர்கள் அதைத் தின்கிறார்களா? எழுது.

வெல்மா


அம்போன்,
30 ஜூன் 1993

வெல்மாவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, மழைமேல் பழியைப் போட்டுக்கொள். இங்கே கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அப்பா கட்டிலை நகர்த்தி நகர்த்தி வீடு முழுக்கச் சுற்றிவந்துவிட்டார். பக்கத்து வீட்டு மார்த்தாவுக்குப் பெண் குழந்தை. பெரிதாகச் செய்தி ஒன்றும் இல்லை. உன் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நோட்டுகள் அனுப்பியிருக்கிறேன். இரவில் கம்பளி போர்த்திக்கொண்டு படு.

அக்கா


லோனுசா,
18 ஜூலை 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நோட்டுகள் கிடைத்தன, ரொம்ப நன்றி. கூரை, கட்டில், மார்த்தாவின் குழந்தை எல்லாம் எழுதினாய், கடையைப் பற்றி ஒரு வரி இல்லையே? நான் கேட்டதற்கும் பதில் இல்லை. மறந்துவிட்டாயா?

வெல்மா


லோனுசா,
22 ஆகஸ்ட் 1993

அக்கா,

சுகமா என்று கேட்கமாட்டேன். எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது.

போன மாதத்துக்குப் பிறகு, காற்று தணிந்து நேற்றுத்தான் மறுபடி படகு வந்தது. நுஸ் அண்ணன் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: “உங்க அக்காவைச் சந்தையில காணோமே டீச்சர். துறைமுகத்துல வாழைப்பழம் பொரிக்கிற கடையில மாவு கரைச்சுக்கிட்டு நின்னாங்க. அவங்க இடத்துல இப்ப எவனோ செருப்பு விக்கிறான்.” எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டார். வேறு ஊர் மட்டியை உன் வாடிக்கைக்காரர்கள் தொடவே இல்லையாம். ஏப்ரலிலேயே கடை போய்விட்டதாம். என் முகத்தைப் பார்த்ததும் பாவம், பேச்சை நிறுத்திவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படியானால் நோட்டு வாங்கியது எதிலிருந்து அக்கா? அடுப்புக்கு முன்னால் நின்று சம்பாதித்ததிலிருந்தா? நான் இங்கே ஆலயத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, உன்மேலா என்மேலா தெரியவில்லை. உன்னைப்போல ஒரு அக்கா யாருக்கு இருக்கிறாள் என்றும் நினைத்து நினைத்து அழுகிறேன்.

போதும். உன் பதில் வந்த அடுத்த ஞாயிறு ஆலயத்தில் எழுந்து, பிள்ளைகள் தெரியாமல் செய்தது என்று சொல்லிவிடுகிறேன். நீ சரி என்று மட்டும் எழுது.

வெல்மா


அம்போன்,
2 செப்டம்பர் 1993

வெல்மாவுக்கு,

நானும் அப்பாவும் நிஜமாகவே சுகம். நுஸ் வாயில் துணியை வைத்து அடைக்கவேண்டும்.

சரி என்று எழுதமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போ, பாட்டுப் பாடு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வா.

பொய் சொன்னேன்தான். இரண்டு நாளில் வேறு மட்டி வந்துவிடும் என்று நம்பித்தான் எழுதினேன். வந்தது, ஒருவரும் வாங்கவில்லை. வாடகை கட்ட முடியவில்லை, இடம் போய்விட்டது. வருத்தமில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அந்தச் செருப்புக்காரன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று மீன் வரிசை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் தினமும் போகிறேன். மாவு கரைப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு மருந்து தவறவில்லை. இரவில் கை வலிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். பிள்ளைகள் தெரியாமல் செய்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கா தெரியாது? ஓலை கட்டி ஜெபம் செய்தால் என்ன ஆகும் என்று தொட்டிலிலேயே தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அங்கே தெரியாமல் செய்தது நீ ஒருத்திதான். அவர்கள் சொன்ன சொல்லுக்கு ஒரு ஊரே கட்டுப்பட்டு நிற்கிறது, பெற்ற தகப்பனே கையில் இருந்ததைக் கீழே போட்டிருக்கிறான். அதை அவர்களுடைய டீச்சரே எழுந்து, அதெல்லாம் சும்மா என்று சொல்வதா? அப்புறம் நீ கரும்பலகையில் எதை எழுதினாலும் அந்தப் பிள்ளைகள் ஏன் நம்பவேண்டும்? அதுவும் எதற்காக, டீச்சருடைய அக்காவின் வயிற்றுக்காக. அந்தப் பெயர் எனக்கு வேண்டாம் தாயே.

நீ அழுததாக எழுதியிருந்ததைப் படித்து நானும் அழுதேன். கணக்குச் சரியாகிவிட்டது. சாப்பிட்டு ஒழுங்காக இரு.

அக்கா


லோனுசா,
10 அக்டோபர் 1993

என் அக்காவுக்கு,

நான் சுகம். உன் கைவலி எப்படி இருக்கிறது? தேங்காயெண்ணெயில் கிராம்பைக் காய்ச்சித் தேய்த்துக்கொள்.

ஆலயத்தில் வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் திறந்தேன். முதலில் யோசேஃபாவைக் கேட்டேன், அன்றைக்கு ஜெபம் சொன்னபோது பாடம் என்று நினைத்துச் சொன்னாயா, நிஜம் என்று நினைத்தா? அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “நிஜம்தான் டீச்சர். நீங்களும்தானே ஆமென் சொன்னீங்க?” என்றாள். நீ சொன்னது அப்படியே சரி அக்கா.

அப்புறம் உன்னைப் பற்றிச் சொன்னேன். திடல் மூடியதால் அம்போனில் ஒருத்திக்குக் கடை போய்விட்டது, சாக்பீஸும் நோட்டும் அனுப்பியது அவள்தான், திறக்கவேண்டாம் என்று சொன்னதும் அவள்தான் என்றேன். கடலைக் காப்பது என்றால் யாரோ ஒருவர் கொஞ்சநாள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம், இது நம் புத்தகத்தில் இல்லை, எனக்கும் இத்தனை நாள் தெரியாது என்றேன்.

மறுநாள் காலையில் பள்ளி வாசலில் மரவள்ளிக் கிழங்கு, வாழைத்தார், கெனாரிக் கொட்டை, ஜாதிக்காய். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பின்னாலேயே தாய்மார்கள். கொஸ்தான்சா அம்மா எல்லோரையும்விடப் பெரிய மூட்டையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். “மட்டி இல்லைன்னு யாக்கோமினாவுக்குச் சொல்லியனுப்பினேன். கடை போச்சுன்னு அவ எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பலையே. இது தானமில்லைன்னு எழுதுங்க டீச்சர். வித்துக்கச் சொல்லுங்க, எங்க பக்கத்துல தோட்டத்துக்கு மட்டும் யாரும் ஓலை கட்டலை” என்றார்.

எல்லாம் நுஸ் அண்ணன் படகில் வருகிறது. திருப்பி அனுப்பினாயோ, நான் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து மாவு கரைப்பேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் திறக்கிறோம். நீ வரவேண்டும். இது என் அழைப்பு மட்டுமில்லை, நான்காம் வகுப்பு தீர்மானித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

வெல்மா


அம்போன்,
12 டிசம்பர் 1993

அருமை வெல்மாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். கடல் அமைதியாக இருந்தது. நான் இல்லாதபோது அப்பாவுக்கு மார்த்தா கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். அவர் இன்னும் உன் மாப்பிள்ளையைத்தான் விசாரிக்கிறார்.

நீ அனுப்பிய மூட்டைகளால் சந்தையில் படிக்கட்டு ஓரமாக ஒரு இடம் பிடித்துவிட்டேன். பழைய இடம் அளவுக்கு இல்லை, ஆனால் என்னுடையது. நேற்று லோனுசா மட்டியைத் தட்டில் பரப்பினேன். பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, இத்தனை பெரிசா என்று எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் தட்டு காலி.

படகில் ஏறும்போது ஒன்று கேட்டாய். சிரித்து மழுப்பிவிட்டேன். நுஸ் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார், வேறு என்ன செய்வது? இப்போது சொல்கிறேன்.

அன்று திடலில் யோசேஃபா ஜெபம் சொல்லி முடித்ததும் ஊர்ப் பெண்கள் என்னை முதலில் தண்ணீரில் இறக்கினார்கள். குனிந்தால் கைகொள்ளாத மட்டி. கொஸ்தான்சா அம்மா பக்கத்தில் நின்று சிரித்தார், அழுதார், இரண்டும். அதெல்லாம் நீயும் பார்த்தாய். கரையேறியபோது ராஜா, எத்தனை நாள் திறந்துவைப்பது என்று மூடியவர்களே சொல்லட்டும் என்றார். உன் பிள்ளைகள் கூட்டமாகத் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். நேரே என்னிடம் வந்தார்கள்.

“பெரியம்மா, உங்க கடைதானே போச்சு. நீங்க சொல்லுங்க. எதுவரைக்கும் திறந்து வைக்கலாம்?”

கிறிஸ்துமஸ் வரைக்கும்னு சொல்லு என்று கொஸ்தான்சா அம்மா என் முதுகில் இடித்தார். எனக்கும் மனதில் அதுதான். கிறிஸ்துமஸ் சந்தையில் மட்டிக்கு என்ன கிராக்கி என்று உனக்குத் தெரியுமே. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஞாயிறு வரைக்கும் போதும் என்று வந்துவிட்டது. ஏன் அக்கா அப்படிச் சொன்னாய் என்று நீ கேட்டாய்.

சந்தையில் நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடு என்று. எதையும் என் கையில் கொடுத்து, நீ சொல், நாங்கள் கேட்கிறோம் என்று ஒருவரும் நின்றதில்லை வெல்மா. அந்தப் பிள்ளைகள் ஒரு கடலையே கொடுத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வருஷம் முழுக்க என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள், அது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. அப்படிப்பட்டவர்களிடம் எனக்கு அதிகமாகக் கேட்க வரவில்லை. ஞாயிறு வரை என்று சொன்னதும் அந்த முகங்கள் மலர்ந்த அழகைப் பார்த்தாயா? என் வயிறு கொஞ்சம் பயந்ததுதான். மற்றபடி நான் அன்றைக்கு இருந்ததுபோலச் சந்தோஷமாக என்றைக்கு இருந்தேன் என்று நினைவில்லை.

ஊர்க்காரர்களுக்கு நன்றி சொல்லாமலே படகேறிவிட்டேன். எனக்காக நீ சொல்லிவிடு. ராஜாவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் நான்காம் வகுப்புக்குச் சொல்.

உன் அக்கா,
யாக்கோமினா